கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய நோய்: ஊவாவின் நாய்களும் பூனைகளும் தைரொய்ட்டும்

பதுளை நகரத்திலோ பண்டாரவளையிலோ ஒரு வீட்டு லாப்ரடோர் உடம்பு பெருத்து, வாலில் முடி கொட்டி, பகலெல்லாம் படுத்தே கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "தைரொய்ட்டா இருக்கும் அக்கா, ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துப் பாருங்க." நமுனுகுல மலைப்பக்கம் ஏறிப் போனால், தேயிலைத் தோட்ட லயத்து நாய்க்கு அதே கோலம் வரும்போது எவரும் நோயின் பெயரைத் தேடுவதில்லை. "சொறி புடிச்சிருச்சு" என்று சொல்லி வேப்பெண்ணெயைத் தடவுவார்கள். சிலர் கழிவு என்ஜின் ஒயிலையும் பூசுவார்கள். அது தோலைப் புண்ணாக்கும், நக்கி விழுங்கினால் நஞ்சு, செய்யவே கூடாது. ஆனால் நோய் இன்னதென்ற ஊகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், நகரத்தாரைவிட லயத்தாரே பெரும்பாலும் உண்மைக்குக் கிட்ட நிற்கிறார்கள். முடி கொட்டிய நாய்களில் தைரொய்ட் நோயுள்ளவை மிகச் சில. வெளிநாட்டு விலங்கு மருத்துவமனைகளின் பதிவுகளிலேயே நாய்களில் 0.2 முதல் 0.8 சதவீதம் வரைதான் இந்த நோய் காணப்படுகிறது.

ஆகவே மலையகத்தில் இந்த நோயைப் பற்றி இரண்டு குறைகளைச் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. நகரத்தில் அது தேவைக்கு மேல் சந்தேகிக்கப்படுகிறது. தோட்டத்தில், உண்மையிலேயே வந்த சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் அது ஒருபோதும் சந்தேகிக்கப்படுவதில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற ஒழுங்கு.

தைரொய்ட்டைப் பற்றி இலங்கையர் அறிந்ததெல்லாம் மனிதரின் கழுத்து வழியாக வந்த அறிவு. கழுத்துக் கழலை இந்த நாட்டுக்குப் பழைய நோய். 1980களில் 17 மாவட்டங்களில் ஐம்பத்தொன்பதாயிரம் அளவிலான பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வில் 18.8 சதவீதத்தினருக்குக் கழலை இருந்தது. மிகக் கூடியது களுத்துறையில், 30 சதவீதம். களுத்துறை கடலோர மாவட்டம். கழலைக்குக் காரணம் அயடீன் பற்றாக்குறை; ஆனால் கடலிலிருந்து தூரம் போகப் போகத்தான் அயடீன் குறையும் என்ற பாடப்புத்தக விதி இங்கே பொருந்தவில்லை. மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போவதும், ஈரவலயத்து மண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டுகளும் மக்கிய சேதனப் பொருளும் அயடீனைப் பயிருக்கு விடாமல் பிடித்துவைத்துக்கொள்வதும்தான் காரணம் என்பது புவியியலாளர்கள் தரும் விளக்கம். செங்குத்தான சரிவுகளில் தேயிலை நட்டு மேல்மண்ணை இழந்த மலைநாட்டுக்கு இந்த விளக்கம் அந்நியமானதல்ல.

கழலையின் வரலாற்றில் நாய்க்கு ஓர் இடம் உண்டு. 1905இல் டேவிட் மரீன் என்ற இளம் மருத்துவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தபோது அவர் கண்ணில் பட்டது தெருநாய்களின் வீங்கிய கழுத்து. அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, 1917இல் அக்ரன் நகரத்துப் பாடசாலைச் சிறுமிகளுக்கு அயடீன் கொடுத்துக் கழலையைத் தடுக்க முடியும் என்று நிரூபிப்பதில் போய் நின்றது. மிச்சிகனில் அயடீன் கலந்த உப்பு கடைக்கு வந்தது 1924இல். மனிதர் உண்ட மிச்சத்தை உண்ட நாய், அந்த மண்ணில் என்ன குறை என்பதைத் தன் கழுத்தில் காட்டியிருக்கிறது.

இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமானது. சட்டம் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் லயத்து நாய் தின்பது சோற்றையும் ரொட்டித் துண்டையும் பருப்பு, கருவாட்டுக் கறியின் மிச்சத்தையும்தான். அடுப்பில் விழுந்த உப்பு நாய்ச்சட்டிக்கும் வந்து சேர்ந்தது. இதனால்தான் இன்று ஊவாவில் ஒரு நாய்க்குத் தைரொய்ட் குறைந்தால் அயடீன் பற்றாக்குறையை முதற்காரணமாகச் சொல்ல முடியாது. உப்பே படாத வெறும் இறைச்சியில் மட்டும் வளர்க்கப்படும் குட்டிகள் விதிவிலக்கு. தோட்டத்து ஆடு ஈன்ற குட்டிக்குத் தொண்டையில் கட்டி தெரிந்தால் அதுவும் வேறு கதை. ஆடு மேய்வது மண்ணை நம்பி, நாய் உண்பது கடை உப்பை நம்பி.

நாய்க்கு வருவது பெரும்பாலும் சுரப்பி குறைந்துபோகும் நோய். மூச்சுக்குழாயின் இரு பக்கமும் இரண்டு மடல்களாக இருக்கும் இந்தச் சுரப்பியை, ஆரோக்கியமான நாயில் விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. நோயுற்ற நாய்களில் ஏறத்தாழ பாதியில் உடலின் சொந்தப் பாதுகாப்பு அணுக்களே சுரப்பியைத் தின்று அழிக்கின்றன; மீதியில் சுரப்பித் திசு சுருங்கி அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. முக்கால் பங்கு அழியும்வரை வெளியே எதுவும் தெரியாது. நடுத்தர வயதில், நான்கிலிருந்து பத்து வயதுக்குள், பெரும்பாலும் நடுத்தர, பெரிய இன நாய்களில் வருகிறது: கோல்டன் ரெட்ரீவர், டோபர்மன், கொக்கர் ஸ்பானியல் போன்றவற்றில் அதிகம்.

குறிகள் மெல்லவே சேரும். தீனி கூடாமலே எடை கூடும். முடி இரு விலாவிலும் ஒரே அளவாக மெலியும், வால் எலிவால் போலாகும், உதிர்ந்த இடம் கறுக்கும். அரிப்பு இருக்காது. இந்த ஒன்றை மறக்கக் கூடாது. முகத்தோல் தடித்து நெற்றி தொங்கி, நாய் எப்போதும் கவலையில் இருப்பது போலத் தெரியும். நாடி மெதுவாகும். குளிர் தாங்காது, சூடான இடத்தைத் தேடும்.

கடைசிக் குறியை மட்டும் அப்புத்தளையில் வைத்து என்ன செய்வது? அங்கே மார்கழி இரவில் எந்த நாய்தான் அடுப்புச் சாம்பலில் படுக்காது! இப்படி ஒவ்வொரு குறிக்கும் இந்த மலையில் ஒரு போலி உண்டு. முடி உதிர்வுக்கு டெமோடெக்ஸ் என்ற சொறிப்பூச்சி, அரிப்போடு வரும் சர்கோப்டிக் சொறி, தெள்ளு, பங்கசு. சோர்வுக்கு உண்ணிக் காய்ச்சல்: பபீசியா கிப்சோனி என்ற அந்த ஒட்டுண்ணியை 1910இல் முதலில் விவரித்தவர் பெட்டன், சென்னை வேட்டைக் குழுவின் நாய்களின் இரத்தத்தில். சோகைக்குக் கொக்கிப் புழு. அதில் ஒரு வகைக்குப் பெயரிலேயே சிலோன் இருக்கிறது, அன்சைலொஸ்டோமா சிலானிகம், இந்தத் தீவின் மரநாயில் கண்டு 1911இல் பெயரிடப்பட்டது. தைரொய்ட் குறைந்த நாய்க்கும் இலேசான சோகை வரும், தோலில் திரும்பத் திரும்பச் சீழ்க்கொப்புளம் வரும். ஆனால் தேயிலைக் காட்டில் திரிந்து உண்ணி ஏறி வரும் நாயின் சோகைக்கு அந்தக் காரணத்தைத் தேடிப் போவது, வாசலில் நிற்பவனை விட்டுவிட்டு ஊரெல்லாம் கள்ளனைத் தேடுவதுதான்.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியின் கீழ் பார்க்க வேண்டும். சுரண்டி எடுக்க ஒரு பிளேடும் ஒரு கண்ணாடித் தகடும் போதும். அடுத்து ஒரு துளி இரத்தத்தைப் பூசிப் பார்த்து ஒட்டுண்ணியைத் தேட வேண்டும். மலம் பார்த்துப் புழுவுக்கு மருந்து கொடுக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகும் அரிப்பில்லாத முடி உதிர்வும் எடையும் மந்தமும் நின்றால்தான் தைரொய்ட்டின் முறை வருகிறது. பெண் நாயாக இருந்தால் இன்னொரு கேள்வி: கருத்தடை ஊசி போட்டிருக்கிறதா? இலங்கையில் ஒரு காலத்தில் தெருநாய்ப் பெருக்கத்தைத் தடுக்க அந்த ஹோர்மோன் ஊசி பரவலாகப் பயன்பட்டது. அறுவைச் சிகிச்சை பரவிய பிறகும் அது மறைந்துவிடவில்லை. அதற்கு ஸ்டீரொய்ட் போன்ற குணமும் இருப்பதால் முடி மெலியும், உடம்பு ஊதும். பார்வைக்கு அச்சு அசல் தைரொய்ட்.

இனி இரத்தப் பரிசோதனை. பெரும்பாலான பிழைகள் நடப்பது இங்கேதான். தைரொக்சின், அதாவது T4, மனிதனிலும் நாயிலும் ஒரே மூலக்கூறு. மனித ஆய்வுகூடத்தின் இயந்திரம் நாயின் T4ஐயும் எண்ணிச் சொல்லும். ஆனால் அளவுகோல் வேறு. மனிதரில் மொத்த T4 லீற்றருக்குச் சுமார் 60 முதல் 150 நனோமோல். நாயில் சுமார் 13 முதல் 50. நல்ல திடகாத்திரமான நாயின் இரத்தத்தை மனித ஆய்வுகூடத்தில் கொடுத்தாலும் அறிக்கைத் தாளில் 'குறைவு' என்ற குறி விழும். அந்தக் குறியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஊவா மாகாணத்தில் உள்ள எல்லா நாய்க்கும் தைரொய்ட்தான். சுரப்பியைத் தூண்டும் ஹோர்மோனான TSH இன்னும் மோசம்: அது இனத்துக்கு இனம் மாறும் புரதம், மனித TSH பரிசோதனை நாயின் TSHஐச் சரியாகப் பிடிக்காது. நாய்க்கென்றே தனிப் பரிசோதனை வேண்டும். அதுவும் முழு நம்பிக்கைக்குரியதல்ல. உண்மையிலேயே நோயுள்ள நாய்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் TSH ஏறாமல் சாதாரணமாகவே இருக்கும்.

மனித ஆய்வுகூடத்தால் பயனே இல்லை என்றும் சொல்லக் கூடாது. நோயுள்ள நாய்களில் முக்கால் பங்குக்குக் கொலஸ்ட்ரோல் ஏறியிருக்கும். வெறும் வயிற்றில் எடுத்த கொலஸ்ட்ரோல் அளவையும் இரத்தக் கல எண்ணிக்கையையும் எந்த ஆய்வுகூடமும் செய்து தரலாம். நாயின் அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அவை மதிப்புள்ள சாட்சிகள். கொலஸ்ட்ரோல் ஏறாத நாயில் தைரொய்ட் சந்தேகம் ஒரு படி இறங்கும்.

இன்னொரு சிக்கல், வேறு நோயால் T4 இறங்குவது. காய்ச்சல், கடும் தோல் நோய், சிறுநீரகக் கோளாறு, பட்டினி என்று உடம்பு எதில் விழுந்தாலும் நாய் தன் T4ஐக் குறைத்துக்கொள்ளும். சுரப்பியில் பழுதே இருக்காது. மருந்துகளும் இதைச் செய்யும்: வலிப்புக்குத் தரும் பீனோபார்பிற்றோன், அரிப்புக்குப் போடும் பிரட்னிசொலோன், சல்பா மருந்துகள். சல்பா சில வாரங்களில் உண்மையான தைரொய்ட் குறைவையே உண்டாக்கும், நிறுத்தினால் மீளும். மலையகத்து நாயின் கதை பெரும்பாலும் இப்படிப் போகிறது. அரிப்பு வருகிறது, ஊசி போடுகிறார்கள், அரிப்பு அடங்குகிறது, முடி வரவில்லை, மறுபடி ஊசி. மூன்றாம் மாதம் யாரோ ஒருவர் தைரொய்ட் பார்க்கச் சொல்கிறார். T4 குறைவு என்று வருகிறது. குறையாமல் என்ன செய்யும்? பிரட்னிசொலோன் குறைத்த அளவுக்கு ஆயுள் முழுதும் குளிசை எழுதிவிடுகிறார்கள். டெமோடெக்ஸ் தோலுக்குள்ளேயே இருக்கிறது, ஸ்டீரொய்ட்டில் இன்னும் செழித்து.

இனத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. கிரேஹவுண்ட், ஆபிரிக்காவின் பசெஞ்சி போன்ற நாய்களின் T4 இயல்பிலேயே குறைவு. நம் லயத்து நாயும் மேல்நாட்டு இனப்பெருக்கத்தின் கைபடாத பழைய நாய். அதன் எண்ணை லாப்ரடோரின் எண்ணோடு ஒப்பிடும்போது கொஞ்சம் தயங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

உண்மையிலேயே நோய் என்று உறுதியான பிறகு சிகிச்சை எளிது, செலவு எளிதல்ல. லீவோதைரொக்சின் குளிசை. மலையகத்தில் இந்தக் குளிசையை அறியாத குடும்பம் குறைவு. அம்மாவுக்கோ சித்திக்கோ காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என்று பழகியதுதான். அங்கேதான் பொறி. 60 கிலோ எடையுள்ள தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். 15 கிலோ நாய்க்குத் தொடக்க அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வீதம் இரண்டு வேளை, அதாவது நாளொன்றுக்கு 600. நாயின் குடல் மருந்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதையும் வேகமாகக் கழித்துவிடுகிறது. மனித உடலில் T4இன் பாதி கழிய ஏழு நாள், நாயில் ஒரு நாள்கூட ஆகாது. அம்மாவின் போத்தலிலிருந்து 50 மைக்ரோகிராம் குளிசை ஒன்றை நாய்க்கு மாதக்கணக்கில் கொடுத்துவிட்டு மருந்து பிடிக்கவில்லை என்று விட்டவர்கள் கொடுத்தது தேவையின் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே 50 மைக்ரோகிராம் குளிசையில் கணக்குப் போட்டால் நாளுக்குப் பன்னிரண்டு வேண்டும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்குப் பின்னால்தான் நாயின் குளிசை வரும், வரவும் வேண்டும். இதை யாரும் குறையாகச் சொல்ல முடியாது.

சரியான அளவில் கொடுத்தால் ஓரிரு வாரத்தில் நாய் எழுந்து நடமாடும். முடி வளர இரண்டு மூன்று மாதம் ஆகும், முதலில் பழைய முடி இன்னும் கொட்டும். பலர் அந்தக் கட்டத்தில்தான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நாலைந்து வாரம் கழித்து, குளிசை கொடுத்த நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்து அளவைச் சரிபார்க்க வேண்டும். பரிசோதனைக்கு வழியே இல்லாத இடத்தில் மிருக வைத்தியர் இரண்டு மூன்று மாதம் குளிசை கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அப்படித் தொடங்கினால், முடி வந்த பிறகு மருந்தை நிறுத்தி நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் நேர்மை. தைரொக்சின் ஆரோக்கியமான நாய்க்கும் கொஞ்சம் முடி வளர்க்கும்.

நாயில் தைரொய்ட் கூடுவது அபூர்வம். கழுத்தில் கையில் தட்டுப்படும் கட்டியாக இருந்தால் பெரும்பாலும் புற்றுநோய். நாயின் தைரொய்ட் கட்டிகளில் பத்தில் ஒன்பது தீயவை. இன்னொரு வழி இறைச்சிக் கடை. மாட்டின் தொண்டைப் பகுதியை வெட்டியெறியும்போது சுரப்பியும் சேர்ந்து வரும்; அதைப் பச்சையாகத் தின்னும் நாய் மாட்டின் ஹோர்மோனையே தின்கிறது. 2012இல் ஜெர்மனியில் பச்சை இறைச்சி தின்ற 12 நாய்களில் இப்படி T4 ஏறியிருந்ததைப் பதிவுசெய்தார்கள். தீனியை மாற்றியபோது அது இறங்கியது. மனிதருக்கும் இது நடந்திருக்கிறது. 1984, 85இல் அமெரிக்காவின் மினசோட்டாவிலும் அயல் மாநிலங்களிலும் தொண்டைத் துண்டு கலந்த அரைத்த மாட்டிறைச்சி தின்று 121 பேருக்கு நெஞ்சு படபடத்தது.

பூனையின் கதை தலைகீழ். பூனைக்குத் தைரொய்ட் குறைவது மிக அரிது, கூடுவதே நோய். 1979இல் நியூயோர்க்கில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோய், இன்று மேல்நாட்டில் முதிய பூனைக்கு வரும் ஹோர்மோன் நோய்களில் முதலிடத்தில் இருக்கிறது. பத்து வயது தாண்டிய பூனைகளில் பத்தில் ஒன்று வரை. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குள் எப்படி இவ்வளவு பரவியது என்பதற்கு ஒரே விடை கிடைக்கவில்லை. பூனை உணவு வரும் தகர டின்னின் உட்பூச்சு, மெத்தைகளிலும் மின்கருவிகளிலும் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் புரோமின் சேர்மங்கள், டின் உணவில் ஏறி இறங்கும் அயடீன், வீட்டை விட்டு வெளியேறாத வாழ்க்கை எல்லாம் சந்தேகத்தில் இருக்கின்றன. இடத்துக்கு இடம் அளவும் மாறுகிறது: ஹொங்கொங்கில் 2009இல் வெளியான ஆய்வில் பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைகளில் 4 சதவீதம் அளவில்தான் இருந்தது.

லயத்துப் பூனைக்கு இந்தச் சந்தேகங்களில் எதுவும் பொருந்தவில்லை. அது டின் உணவு தின்பதில்லை, மெத்தையில் படுப்பதில்லை. அதைவிட முக்கியம், அது அந்த வயதுக்கு வருவதே குறைவு. நோய் வரும் சராசரி வயது 12, 13. தேயிலை ஸ்டோரில் எலி பிடிக்கும் பூனையை அதற்குள் நாயோ, எலிப்பாஷாணமோ, லொறியோ கொண்டுபோய்விடும். பதுளை, பண்டாரவளை நகர வீடுகளில் ஊசி போட்டு, கருத்தடை செய்து, உள்ளேயே வளர்க்கும் பூனைகள் இப்போது பெருகுகின்றன. அவை பன்னிரண்டு வயதைத் தொடும்போது இந்த நோயும் வந்து சேரும்.

அது வந்தாலும் தெரியாது, ஏனென்றால் முதலில் நல்ல செய்தி போலவே வருகிறது. கிழட்டுப் பூனை குட்டி போல ஓடும், தட்டை நக்கி முடித்துவிட்டு இன்னும் கேட்கும், இரவில் கத்தும். உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகும். தின்றும் மெலியும் முதிய பூனையை எடை போடுங்கள். புழு மருந்துக்கும் எடை ஏறவில்லையென்றால் கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நோயுள்ள பூனைகள் பலவற்றில் மூச்சுக்குழாய் ஓரம் ஒரு சிறு கட்டி விரலுக்கடியில் நழுவும். இந்தக் கட்டி நாயினது போலல்ல, நூற்றில் 97, 98 தீங்கற்றது. பூனையில் T4 ஏறியிருந்தால் நோய் ஏறத்தாழ உறுதி. நாயில் போல இவ்வளவு குழப்பம் இல்லை.

மேல்நாட்டில் கதிரியக்க அயடீன் ஊசி ஒன்று போட்டு நோயைத் தீர்த்துவிடுகிறார்கள். பூனையைச் சில நாள் தனியறையில் அடைத்து, அதன் சிறுநீரைக்கூடக் காவலில் வைக்கும் சிகிச்சை அது. பண்டாரவளைப் பூனைக்குக் கைக்கெட்டுவது மனிதருக்குத் தரும் காபிமசோல் குளிசைதான். அளவை மிருக வைத்தியர் குறிக்க வேண்டும். முதல் மூன்று மாதம் வாந்தி, முகத்தைப் பிறாண்டுதல், வெண்கலங்கள் குறைதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று: கூடிய தைரொக்சின் சிறுநீரகத்துக்கு இரத்தத்தை வேகமாக ஓட்டிக்கொண்டிருக்கும். குளிசை அதைத் தணித்ததும் அதுவரை மறைந்திருந்த சிறுநீரகக் கோளாறு வெளியே வரும். சிகிச்சைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று வீட்டார் கோபிப்பார்கள். முதல் நாளே சொல்லிவிடுவது மேல்.

யாரிடம் போவது? அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் முதல் வேலை மாடு, பால், சினை ஊசி. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில். பதுளையிலிருந்து மலை ஏறி இறங்கிப் போக நான்கு மணி நேரமாவது ஆகும். மந்தமான நாயை பஸ்ஸில் கொண்டுபோக விடவும் மாட்டார்கள். ஆனால் நாய் போக வேண்டியதில்லை. T4 உறுதியான மூலக்கூறு. இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பிளாஸ்டிக் குழாயில் அடைத்தால் சில நாள் பயணத்தைத் தாங்கும். பதுளையில் இரத்தம் எடுத்து, நாய்க்கான அளவுகோல் வைத்திருக்கும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். கூடவே போகும் சீட்டில் வயது, இனம், கடைசி இரண்டு மாதத்தில் போட்ட ஊசி, கொடுத்த குளிசை எல்லாம் எழுத வேண்டும். முதல் வரியில் 'நாய்' என்றோ 'பூனை' என்றோ எழுத மறந்தால் திரும்பி வருவது மனிதரின் அளவுகோலும் 'குறைவு' என்ற குறியும்தான்.